மூன்று லட்சம் ரூபாயை எதில் போடுவது? படிப்பை நிறுத்தப் போகும் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு

வேடசந்தூர் பக்கம் இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் பொருளாளர். எங்களில் பாதிப் பேர் கோவை, திருப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாகத் தொடங்கிய வசூல், இப்போது வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்ற அளவில் வந்து நிற்கிறது. அதைப் போன வருடம் எப்படிச் செலவழித்தோம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு ஆண்டு விழா மேடையில் பரிசு, ஒரு குடிநீர் இயந்திரம் (இப்போது ஓடவில்லை), மீதியில் 20 பேருக்கு உதவித்தொகை.

அந்த 20 பேரில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பொங்கல் லீவுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. மில் வண்டியில் ஏறிவிட்டாள். எங்களுக்கு அது தெரிந்ததே ஏப்ரலில், கணக்கு முடிக்கும்போதுதான். இரண்டாம் தவணைப் பணம் அவள் அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. போன் செய்து கேட்டேன். “நீங்க யாரும் வந்து கேக்கலையேப்பா” என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் இந்த வருடம் பணத்தைப் பிரிக்கும் முன் குழுவில் வந்த யோசனைகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களைப் போலவே கையில் கொஞ்சம் பணமும் மனசும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழிக்கும் சங்கங்கள் நிறைய இருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், யார் படிப்பை விட்டு நிற்கிறார்கள்?

தொடக்கப் பள்ளியில் சேராத பிள்ளை என்று எங்கள் பக்கம் இப்போது யாரும் இல்லை என்றே சொல்லலாம். சத்துணவு 1982இல் பெரிதாக்கப்பட்டதிலிருந்து, 2022இல் காலை உணவு வந்தது வரை, சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் இழுக்க அரசு நிறையச் செய்திருக்கிறது. சிக்கல் ஆரம்பிப்பது எட்டு முடிந்து ஒன்பதுக்குப் போகும் இடத்தில்.

அந்த வயதைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள் (குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் கலைஞராக நடிப்பதற்கும் விலக்கு). 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக்குப் போனால்தான். ஆக, 14 வயதில் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்காரும்போது பின்னாலிருந்த சட்டம் முடிந்துவிடுகிறது, முன்னாலிருக்கும் சலுகை இன்னும் வரவில்லை. மதியச் சாப்பாடும் பஸ் பாஸும்தான் கூட இருக்கின்றன. எட்டு வரைக்கும் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை என்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே ஒன்பதுக்கு வந்து சேர்ந்தவனுக்கு அப்போதுதான் பயமும் வருகிறது.

பெண் பிள்ளைகள் மில்லுக்குப் போகிறார்கள், அல்லது வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறார்கள். பையன்கள் சென்ட்ரிங் வேலை, பரோட்டா கடை, லோடு வண்டி. இவர்களுக்கு எது உதவும்?

உதவித்தொகை

குழுவில் பெரும்பான்மை ஓட்டு இதற்குத்தான். காரணமும் புரிகிறது. அனுப்புவது சுலபம், ரசீது வரும், போட்டோ வரும்.

பணம் பயன்படாது என்று நான் சொல்ல மாட்டேன். மெக்சிகோவில் 1997இல் ப்ரொக்ரேசா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் அம்மாவின் கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், உயர் வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மேலுள்ள வகுப்புகளில்தான் பலன் தெரிந்தது, பெண் பிள்ளைகளிடம் அதிகமாக. நமக்கு வேண்டியதும் அந்த வயதுதான்.

ஆனால் அங்கே பின்னால் இருந்தது ஓர் அரசாங்கத்தின் கஜானா. எங்களிடம் இருப்பது 3 லட்சம். மாதம் 1,000 ரூபாய் என்றால் 25 பிள்ளைகளோடு பணம் தீர்ந்தது. அந்த 1,000 ரூபாய் எதோடு மல்லுக்கட்ட வேண்டும் தெரியுமா? கல்யாண மண்டபத்தில் ஒரு ராத்திரி பந்தி பரிமாறினால் பையனுக்கு 500, 600 கிடைக்கிறது. இரண்டு முகூர்த்தத்தில் எங்கள் உதவித்தொகையைத் தாண்டிவிடுவான். மில் சம்பளம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு தொல்லை, யாருக்குக் கொடுப்பது என்பது. விண்ணப்பம் போடுகிறவர்கள் பெரும்பாலும் எப்படியும் படித்துவிடக்கூடிய பிள்ளைகள். மத்திய அரசின் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகையிலும் (ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய்) இதே கதைதான். எட்டாம் வகுப்பில் பரீட்சை எழுதித் தேறினால்தான் கிடைக்கும். நின்றுவிடப் போகிற பையன் அந்தப் பரீட்சைக்கே பெயர் கொடுத்திருக்க மாட்டான். நாங்களும் மேடையில் வைத்துப் பரிசு கொடுத்தது முதல் மூன்று இடத்துக்கு. கடைசி மூன்று பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

உதவித்தொகை ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. அப்பா இறந்துபோன வீடு, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும் வாரம். அந்த நேரத்தில் கையில் கொடுக்கும் 3,000 ரூபாய், வருடம் முழுக்க மாதாமாதம் போடும் பணத்தைவிடப் பெரியது. ஆனால் அந்த வாரம் எது என்று யாராவது நமக்குச் சொல்ல வேண்டுமே.

மாலை வகுப்பு

‘இல்லம் தேடிக் கல்வி’யை நேரில் பார்த்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கி, ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தெருவிலேயே தன்னார்வலர் ஒருவர் சாயங்காலம் பாடம் எடுத்தார். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஆறே மாதத்தில் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சாதாரண விஷயமில்லை.

ஆனால் அது படிப்பை மீட்ட கணக்கு. பள்ளியை விட்டு நிற்கப் போகிறவனைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. வரத் தொடங்கியவனுக்குத்தான் மாலை வகுப்பு உதவும். வராதவனுக்கு அது இன்னொரு வகுப்பு, அவ்வளவுதான். அதோடு ஒன்பதாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்து ‘க, ங, ச’ சொல்லிக்கொடுத்தால் மறுநாள் வருவானா? மானம் போய்விடும் அவனுக்கு. பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி இடம் வேண்டும். சொல்லிக்கொடுப்பதும் போர்ஷன் முடிக்கிற டியூஷனாக இருந்தால் வீண். வாசிக்கவும் வகுத்தல் கணக்குப் போடவும் சொல்லித்தருகிற ஆள் வேண்டும்.

இடம் என்றேனே, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர், “கோயில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைக்கலாம்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் காலனிப் பிள்ளைகள் அந்த மண்டபத்தில் ஏறுவார்களா, ஏற விடுவார்களா என்று அவர் யோசிக்கவில்லை. அதிகம் நின்றுபோவது எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை. வகுப்பு வைத்தால் காலனியில் வைக்க வேண்டும், ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரட்டும். அல்லது பள்ளியிலேயே, ஆறு மணிக்குள் முடிகிற மாதிரி. இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

சைக்கிள்

என்னை ஆச்சரியப்படுத்திய யோசனை இதுதான். குழுவில் இதைச் சொன்னவர் ஒரே ஒருவர். பஸ் டிரைவராக இருப்பவர்.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குக்கிராமங்களில் ஒன்று 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே எட்டு வரைக்கும் நடுநிலைப் பள்ளி உண்டு. ஒன்பதுக்கு எங்கள் பள்ளிக்குத்தான் வர வேண்டும். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் பாஸ் இருந்து என்ன செய்ய? டவுன் பஸ் காலை 7:10க்கு ஒன்று, அதை விட்டால் 10:30க்கு ஒன்று. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு கிளம்பும். சாயங்காலம் வீடு சேர ஏழாகும். பெரியவளான பெண்ணை அப்படி அனுப்பச் சம்மதிக்காத அப்பாவோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் அவர் பயம் புரியாமல் இல்லை.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டில் நாம் சைக்கிள் கொடுக்கிறோம், ஆனால் பதினொன்றாம் வகுப்பில். இரண்டு வருடம் பிந்தி. ஒன்பதில் நின்றவளுக்குப் பதினொன்றில் சைக்கிள் எதற்கு?

12 பெண்களுக்கு 6,000 ரூபாய் சைக்கிள் என்றால் 72,000. ஒரு தடவைச் செலவு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் திருப்பித் தந்து அடுத்தவளுக்குக் கொடுக்கச் சொல்லலாம். ட்யூப், செயின், பிரேக் கட்டை என்று வருடத்துக்குக் கொஞ்சம் ஆகும். இதன் அழகு, 12 பேரும் ஒரே சாலையில் கூட்டமாகப் போவார்கள் என்பது. தனியாகப் போகிற ஒருத்திக்கு வரும் தொல்லை, பன்னிரண்டு பேராகப் போனால் பாதி குறையும்.

ஆனால் இது அந்த ஒரு குக்கிராமத்துக்குத்தான் பொருந்தும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்தே நின்றுவிடுகிற பிள்ளைக்கு சைக்கிளால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. (இதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பஸ் நேரத்தை 8:15க்கு மாற்றச் சொல்லி டிப்போவில் மனு கொடுப்பது. அதற்கு ஒரு பைசா ஆகாது. கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம்.)

விடுதி கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அது நம் கைக்கு மீறியது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகளுக்கு விடுதிதான் வழி, சந்தேகமில்லை. அரசின் ஆதிதிராவிடர் நல விடுதியும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியும் (2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள்) பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டுவதை விட்டுவிட்டு, சாதிச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்து அங்கே சேர்த்துவிடுவதே நம் வேலை.

ஓர் ஆள்

கடைசியாக வந்த யோசனை, யாருக்கும் பிடிக்காதது. ஊரிலேயே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைப்பது. பிளஸ் டூ படித்திருந்தால் போதும். வேலை ஒன்றுதான்: மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையின் வீட்டு வாசலில் அன்று சாயங்காலமே போய் நிற்பது.

“சம்பளம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேரும்?” என்று குழுவில் சண்டை. நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், வருகைப் பதிவேட்டைப் புரட்டும் வரை.

தலைமையாசிரியர் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு பையனின் வரிசையில் ஆப்சென்ட் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. நடுவில் வாரக்கணக்கில் ஒழுங்காக வந்திருக்கிறான். என்ன கணக்கு என்று பிடிபடவில்லை. கிளாஸ் டீச்சர் சிரித்துக்கொண்டே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். முகூர்த்த நாள். முதல் நாள் ராத்திரி பந்திக்குப் போய், முகூர்த்தம் முடிந்து பாத்திரம் ஏற்றிவிட்டு, மறுநாள் முழுக்கத் தூங்கியிருக்கிறான். ஆவணியில் இரண்டு நாள், ஐப்பசியில் நான்கு நாள், மார்கழியில் முழு வருகை, தையில் எட்டு நாள். பிப்ரவரியோடு பெயருக்கு நேரே வெறும் கோடு.

ஆவணியிலேயே எல்லாம் பதிவேட்டில் எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். ஒரு டீச்சருக்கு இரண்டு வகுப்பு, அதற்கு மேல் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, தேர்தல் வேலை. சாயங்காலம் நான்கு வீடு ஏறி இறங்க அவரால் முடியுமா? பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும்போது 30 நாள் தொடர்ந்து வராதவர்களைத்தான் எடுக்கிறார்கள். முப்பதாம் நாள் போனால் அவன் கையில் முதல் சம்பளம் இருக்கும், தலைமுடி வேறு மாதிரி வெட்டியிருப்பான், சீருடை தம்பிக்குப் போயிருக்கும். மூன்றாம் நாள் போனால் அவன் இன்னும் மாணவன்தான்.

இந்த வழிக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. இப்போதைய தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1991 முதல் இதைச் செய்துவருகிறது. ஊர் இளைஞர்களே வீடு வீடாகப் போவது, நின்ற பிள்ளையை முகாமில் வைத்துத் தயார்செய்து வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது, ஊரே சேர்ந்து கேட்பது. அதை நடத்திய சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் பெற்றோருக்குப் பணம் கொடுக்கவில்லை. ஏழைகளும் பிள்ளையைப் படிக்கவைக்கத்தான் விரும்புகிறார்கள், கூட நிற்க ஆள்தான் இல்லை என்பது அவர்கள் கணிப்பு. மெக்சிகோ வழிக்கு நேர் எதிர்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. வருகிறவள் எந்தத் தெருக்காரி என்பது முதல் சிக்கல். எல்லா வீட்டு வாசலிலும் அவள் நிற்க முடிய வேண்டும், எல்லா வீட்டிலும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நல்லவளாகக் கிடைத்தால் இரண்டு வருடத்தில் கல்யாணமாகி வேறு ஊர் போய்விடுவாள். அதனால் மகளிர் குழுவில் இருக்கும் நாற்பது வயது அக்கா ஒருவரைத் தேடுகிறோம். அப்புறம், அவர் மிரட்டப் போகிறவர் இல்லை. “ஏன் அனுப்பல?” என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். “பாப்பாவக் காணோமே, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டால் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள்.

குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவுசெய்து வைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அழைப்பை அவர் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எங்களுக்குத் தகவல் சொல்லட்டும், கோவையிலிருந்து நாங்கள் அழைக்கிறோம். அவர் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.

என் கணக்கு

சம்பளம் மாதம் 8,000, பெட்ரோலுக்கும் போனுக்கும் 1,500. வருடத்துக்கு 1,14,000. சைக்கிள் 72,000. பள்ளியிலேயே பெரிய பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு, இரண்டு பேருக்கு மாதம் 2,500 வீதம் 10 மாதம், 50,000. அந்த அக்கா சொன்னதும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொடுக்க அவசர நிதி 40,000. மூக்குக் கண்ணாடி, செருப்பு, பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிற பஸ் காசு, அந்தக் கந்துக்கார வாரம், எல்லாம் இதில். மீதி 24,000 ஆண்டு விழாப் பரிசுக்கு. அதை எடுத்துவிட்டால் மேடை இல்லை, மேடை இல்லையென்றால் வசூல் இல்லை. இது நான் கற்றுக்கொண்டது.

ஆளை முதலில் வைத்ததற்குக் காரணம், மற்றவை யாருக்கு வேண்டும் என்று அவர்தான் சொல்ல முடியும். உங்கள் ஊரில் கணக்கு மாறலாம். நிற்பவர்கள் எல்லாரும் ஒரே தொலைதூர ஊரிலிருந்து வருகிறார்கள் என்றால் பேசாமல் சைக்கிள் வாங்குங்கள். ஊரே வருடத்தில் ஆறு மாதம் சூளைக்குப் போகிறது என்றால் எங்கள் கணக்கு எதுவும் உதவாது, விடுதிக்குத்தான் அலைய வேண்டும். ஏற்கெனவே வீடு வீடாகப் போகிற ஆசிரியர் ஒருவர் உங்களுக்கு வாய்த்திருந்தால், அவசர நிதியை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவை 2024இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதில் உட்கார ஊரில் இருக்கும் ஒருவரை அனுப்புங்கள், வெளியூர்க்காரர் வேண்டாம்.

ஆளை ஜூனில் வைக்கலாம் என்று குழுவில் பேசினார்கள். ஏப்ரல் கடைசியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும். ஃபெயில் ஆனவர்கள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் அந்த வீடுகளுக்கு அவர் போயாக வேண்டும். அது வைகாசி, முகூர்த்தம் நிறைய. பையன்கள் மண்டபத்தில் இருப்பார்கள்.